பாளையங்கோட்டைப் பையன்கள் ஏன் ஓடினார்கள்?

எங்கள் மதராஸ் ரெஜிமெண்டின் சின்னத்தில் ஒரு யானை நிற்கும். 1803 செப்டம்பர் 23 அன்று தக்காணத்தில் அசாயே என்ற ஊரில் மராட்டியப் படையை எதிர்த்து நின்ற மதராஸ் சிப்பாய்களுக்குக் கிடைத்த யானை அது. நீலகிரியின் வெலிங்டனில் பயிற்சிக்கு வரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் வாரத்திலேயே அந்த யானையின் கதையைச் சொல்லிவிடுவோம். தொப்பியில் குத்தப்போகிற சின்னம் எதற்கு வந்தது என்று தெரிய வேண்டுமல்லவா?

1914இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் நடந்த சண்டைக்குச் சின்னம் கிடையாது. அதனால் டாங்காவின் கதையை யாரும் முதல் வாரத்தில் சொல்வதில்லை. நானே ஹவில்தாராகி, டிரில் உஸ்தாதாகி, அதாவது கவாத்து ஆசிரியராகி, நூற்றுக்கணக்கான பையன்களைச் சாவ்தான் விஷ்ராம் என்று விரட்டி ஓய்ந்த பிறகுதான், ஓய்வு நேரத்தில் படித்துத் தெரிந்துகொண்டேன். மதராஸ்காரர்கள் போர்க்களத்திலிருந்து ஓடிய கதை. ஓடினவர்கள் நம் பிள்ளைகள். அவர்களுடைய படைக்குப் பெயரே 63ஆவது பாளையங்கோட்டை லைட் இன்பன்ட்ரி.

பயந்தவனைப் பற்றி எழுதினால் வீரனுக்கு இழுக்கு என்று நினைக்கிறவர்கள் என் பழைய பட்டாலியனிலேயே உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பயம் எல்லாருக்கும் வரும். எனக்கு வந்தது, என் உஸ்தாதுக்கும் வந்திருக்கும். பயந்த பையன் எதனால் நிற்கிறான் என்பதுதான் என் தொழிலின் முழு ரகசியமும். அது தெரிய வேண்டுமானால் நின்றவர்களோடு ஓடினவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

முதலில் நின்றவர்கள். சென்னையில் அடையாறு கடலில் சேரும் இடத்தை இன்று பாலத்தின் மேலிருந்து பார்த்தால் மீன்பிடிக்கிறவர்களும் சாக்கடை நாற்றமும்தான் தெரியும். 1746இல் அந்த ஆற்றங்கரையில், சாந்தோமுக்குப் பக்கத்தில், ஒரு சண்டை நடந்தது. சென்னைக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். அதை மீட்க ஆற்காட்டு நவாப் அன்வருதீன் தன் மகன் மாபூஸ்கானைப் பத்தாயிரம் பேரோடு அனுப்பினார். பாண்டிச்சேரியிலிருந்து பாரடிஸ் என்ற சுவிஸ்காரர் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையில் 230 ஐரோப்பியரும் 700 சிப்பாய்களும் இருந்தார்கள். எதிர்க்கரையில் குதிரைப்படையும் பீரங்கியும் அணிவகுத்து நிற்க, இவர்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். கரையேறி ஒரு சுற்றுச் சுட்டு, துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடிப் பாய்ந்தார்கள். மாபூஸ்கானின் படை சாந்தோம் தெருக்களுக்குள் நெருக்கியடித்துக்கொண்டு சிதறியது.

அந்த 700 பேரில் பெரும்பாலோர் அதற்கு முன் எப்படிப்பட்டவர்களாக இருந்திருப்பார்கள்? யார் கூலி கொடுத்தாலும் வேலும் வாளும் எடுத்துப் போகிறவர்கள், பஞ்சத்தில் ஊரை விட்டு வந்தவர்கள், வேறு பிழைப்பு கிடைக்காதவர்கள். எதிர்க்கரையில் நின்றவர்களும் அதே மண்ணின் ஆட்கள்தான். இரத்தத்தில் வித்தியாசம் ஏதும் கிடையாது. பாண்டிச்சேரியில் கிடைத்த கவாத்து மட்டும்தான் வித்தியாசம்.

அந்தக் காலத் துப்பாக்கியை ஒருமுறை சுட்டால் மறுபடி மருந்து கெட்டித்துச் சுடுவதற்குள் குதிரைக்காரன் தலைக்கு மேல் வந்துவிடுவான். தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும். கொஞ்சம் மருந்தைக் கிண்ணியில் தட்டி மூட வேண்டும். மீதியைக் குழாயில் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, கம்பியை உருவி அதன் இடத்தில் செருகி, பிறகுதான் தோளில் ஏற்ற முடியும். இதில் ஒரு வேலையை மறந்தாலும் துப்பாக்கி வெறும் தடி. கம்பியைக் குழாய்க்குள்ளேயே விட்டுவிட்டுச் சுட்டு, அடுத்த முறை இடிக்கக் கம்பியில்லாமல் முழித்தவர்கள் எல்லா நாட்டுப் படைகளிலும் இருந்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொரு அசைவுக்கும் ஒரு கட்டளை, ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு அசைவு என்று மாதக்கணக்கில் வெயிலில் நிறுத்திப் பழக்கினார்கள். குதிரைப்படை பாய்ந்து வரும்போது மனசுக்கு என்ன நடந்தாலும் கை தன் வேலையைப் பார்க்கும். எங்கள் தொழில் அங்கேதான் தொடங்கியது என்று நான் சொல்லுவேன்.

ஆங்கிலேயர்கள் இதைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். 1751இல் கிளைவ் 200 ஐரோப்பியரையும் 300 சிப்பாய்களையும் வைத்துக்கொண்டு ஆற்காட்டுக் கோட்டையைப் பிடித்து, ஐம்பது நாள் முற்றுகையைத் தாங்கினார். கடைசித் தாக்குதல் மொகரம் பண்டிகை நாளில் வந்தது. முற்றுகையிட்டவர்கள் நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கதவை இடிக்க ஓட்டி வந்தார்கள். துப்பாக்கிக் குண்டு பட்ட யானைகள் திரும்பித் தங்கள் ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடின. அந்த முற்றுகையில் சோறு தட்டுப்பாடானபோது சிப்பாய்கள் கிளைவிடம் போய், சோற்றை வெள்ளைக்காரர்களுக்குக் கொடுங்கள், வடித்த கஞ்சி எங்களுக்குப் போதும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. ஆங்கிலேய வரலாற்றாசிரியர் மெக்காலே எழுதி ஊரெல்லாம் பரப்பிய கதை. விசுவாசமுள்ள வேலைக்காரன் என்ற சித்திரம் அவர்களுக்குப் பிடித்திருந்தது, அதனால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம்தான். ஆனால் முற்றுகைக்குள் எல்லாரும் ஒரே பானையை நம்பி இருந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. லங்கரில், அதாவது படைச் சமையலறையில், ஒன்றாகச் சாப்பிட்டவனை விட்டுவிட்டு ஓடுவது சுலபமில்லை.

1758இல் சிதறிக் கிடந்த சிப்பாய்க் கம்பெனிகளைச் சேர்த்துப் பட்டாலியன்களாக்கினார்கள். மதராஸ் ரெஜிமெண்ட் தன் வயதை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. அடுத்த நூறு ஆண்டுகளில் மைசூர், மராட்டா, பர்மா, சீனா என்று இந்தப் பையன்கள் போகாத இடமில்லை. யாருக்காகப் போனார்கள், எந்த நியாயத்துக்காகப் போனார்கள் என்பது பெரிய கேள்வி. வேலூரில் 1806இல் அதே சிப்பாய்கள் தங்கள் துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்ததும் இதே வரலாற்றில்தான் இருக்கிறது. அந்தக் கோட்டையின் அகழியைச் சுற்றித்தான் நான் சின்ன வயசில் சைக்கிள் ஓட்டக் கற்றேன். அந்தக் கலகத்தைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பிறகு 1857 சிப்பாய்க் கலகம் வந்தது. அதற்குப் பின் இந்தியாவில் யார் யார் சண்டைக்காரச் சாதி, யார் யார் இல்லை என்று வெள்ளைக்கார அதிகாரிகள் பட்டியல் போட ஆரம்பித்தார்கள். லார்ட் ராபர்ட்ஸ் 1881 முதல் 1885 வரை மதராஸ் படைக்குத் தலைமைத் தளபதியாக இருந்துவிட்டு, தெற்கத்திக்காரனிடம் பழைய வீரம் செத்துவிட்டது என்ற முடிவுக்கு வந்தார். நீண்ட காலம் சண்டையில்லாமல் சுகமாக இருந்ததால் ஆண்மை போய்விட்டதாம். பிறகு அவர் இந்தியா முழுவதற்கும் தளபதியானார். அவர் சொன்னது வேதவாக்கானது. மதராஸ் பட்டாலியன்கள் பலவற்றில் எங்கள் ஆட்களை எடுத்துவிட்டுப் பஞ்சாபிகளை நிரப்பினார்கள். மதராஸில் பிறந்த பழைய படைகள் சிலவற்றுக்குப் பெயரே பஞ்சாபி ரெஜிமெண்ட் என்று மாறிப்போனது. மிச்சமிருந்த மதராஸ் படைகளுக்குப் புதுத் துப்பாக்கி கடைசியில் வரும், நல்ல அதிகாரி கடைசியில் வருவார். கெட்டிக்கார இளம் லெப்டினன்ட் ஒருவன் வடமேற்கு எல்லைக்குப் போவானே தவிர, எவனாவது திருச்சினாப்பள்ளிக்கு வர ஆசைப்படுவானா?

இருபது முப்பது ஆண்டுகள் இப்படிக் கிடப்பில் போட்ட படையில் ஒன்றைத்தான் 1914இல் கப்பலில் ஏற்றினார்கள்.

முதல் உலகப் போர் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஜெர்மானியரிடம் இருந்த கிழக்கு ஆப்பிரிக்காவைப் பிடிக்க மேஜர் ஜெனரல் ஐட்கென் தலைமையில் சுமார் எட்டாயிரம் பேர் கொண்ட ஒரு படையை அமைத்தார்கள். நல்ல படைகளெல்லாம் பிரான்சுக்கும் மெசபடோமியாவுக்கும் பங்கு போய்விட்டன. மிச்சத்தைத் திரட்டியது இது. ஒன்றோடொன்று சேர்ந்து ஒருநாள்கூடப் பயிற்சி செய்யாத படைப்பிரிவுகள். அதிகாரிகள் சிலருக்குத் தங்கள் சிப்பாய்களையே தெரியாது. சிலருக்குக் கையிலிருந்த துப்பாக்கியே புதுசு. கிளம்புகிற நேரத்தில் மாற்றிக் கொடுத்தது. மாதம் 11 ரூபாய் சம்பளக்காரப் பையன்கள் பழக்கமில்லாத துப்பாக்கியை எண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டே கப்பலேறினார்கள்.

அக்டோபர் 16 அன்று பம்பாயிலிருந்து கப்பல்கள் கிளம்பின. அதற்கு முன்பே நாள் கணக்கில் கப்பலிலேயே அடைத்து வைத்திருந்தார்கள். கடலைப் பார்த்தேயிராத உள்நாட்டுப் பையன்களை அடித்தளத்தில் நெருக்கிப் படுக்கவைத்தால் என்ன ஆகும்? வாந்தி. சோறு இறங்காது, தூக்கம் பிடிக்காது. மொம்பாசாவில் இறக்கி நாலு நாள் கால் நீட்டவிட்டுப் பிறகு சண்டைக்குக் கொண்டுபோகலாம் என்று ஐட்கெனிடம் சொன்னவர்கள் உண்டு. அவர் கேட்கவில்லை. ரகசியம் வெளியே போய்விடுமாம். அந்த ரகசியம் பம்பாய்த் துறைமுகத்திலேயே எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

நவம்பர் 2 அன்று டாங்கா துறைமுகத்தின் முன் கப்பல்கள் வந்து நின்றன. இன்று அது தான்சானியாவில் இருக்கிறது. அந்தத் துறைமுகம் சம்பந்தமாக முன்பு ஒரு சமாதான ஏற்பாடு இருந்தது. அது இனிச் செல்லாது என்று ஜெர்மானியருக்கு முதலில் முறைப்படி அறிவித்தார்கள். ஆங்கிலேயர் மரியாதைக்காரர்கள். அந்த ஒரு நாள் போதுமானதாக இருந்தது. ஜெர்மானியத் தளபதி லெட்டோ-வோர்பெக் மோஷியிலிருந்து ரயிலில் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கினார். இரவில் தானே சைக்கிளில் ஊரைச் சுற்றி வந்து எங்கே எதை வைக்கலாம் என்று பார்த்துக்கொண்டார். அவரிடம் மொத்தம் சுமார் ஆயிரம் பேர். பெரும்பாலோர் அஸ்காரி எனப்பட்ட ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். ஆனால் வருஷக்கணக்காக ஒரே கம்பெனியில், ஒரே அதிகாரியின் கீழ், ஒரே புதர்க்காட்டில் பழகியவர்கள்.

நவம்பர் 3 காலையில் 13ஆவது ராஜபுத்திரப் படையும் 61ஆவது பயனியர் படையும் முதலில் போய் அடிவாங்கிக்கொண்டு கடற்கரைக்குத் திரும்பின. காயம்பட்டவர்கள் தூக்கிக்கொண்டு வரப்பட்டதைப் புதிதாக இறங்கியவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டிரில் உஸ்தாதாக எனக்கு வயிற்றைப் பிசைகிற இடம் இதுதான். நாளைக்குச் சண்டைக்குப் போகிறவனை, இன்றைக்குத் தோற்று வருகிறவனின் ரத்தம் ஒழுகும் வழியில் உட்காரவைக்கிறதா?

மறுநாள் 4ஆம் தேதி நண்பகலில், உச்சி வெயிலில், எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ஊரை நோக்கி நடக்கச் சொன்னார்கள். முன்னால் ரப்பர் தோட்டம், கற்றாழை போன்ற சைசல் தோட்டம், ஆளுயரப் புதர். பத்தடி தள்ளி நடக்கிறவனைப் பார்க்க முடியாது. தண்ணீர் தீர்ந்து சிலர் நடக்கும்போதே விழுந்தார்கள். வலதுபுறம் லங்காஷயர் வெள்ளைக்காரர்களும் காஷ்மீர் ரைபிள்ஸும், நடுவே பாளையங்கோட்டைக்காரர்களும், இடதுபுறம் 101ஆவது கிரனேடியர்களும் போனார்கள். அப்போது இயந்திரத் துப்பாக்கி சீறத் தொடங்கியது. அதுவரை அந்தப் பையன்களை நோக்கி யாரும் இயந்திரத் துப்பாக்கியால் சுட்டதில்லை. எங்கிருந்து சுடுகிறான் என்று தெரியாது. அதிகாரி எங்கே என்று தெரியாது. பக்கத்தில் நடந்தவன் நிற்கிறானா, விழுந்துவிட்டானா என்பதுகூடத் தெரியாது. பாளையங்கோட்டைப் படை உடைந்தது. பலர் வந்த வழியே கடற்கரையை நோக்கி ஓடினார்கள்.

நடுவில் விழுந்த ஓட்டையால் இடதுபுறம் போன கிரனேடியர்கள் தனியாக மாட்டிக்கொண்டு ஏராளமாகச் செத்தார்கள். வலதுபுறம் போனவர்கள் ஊருக்குள்ளேயே புகுந்தும் தாங்க முடியாமல் திரும்பினார்கள். இது போதாதென்று தேனீ வேறு. அந்த ஊர்க்காரர்கள் மரங்களில் குடைந்த கட்டைகளைத் தொங்கவிட்டுத் தேன் வளர்ப்பார்கள். குண்டு பட்டுக் கூடுகள் உடைய, தேனீக்கள் கூட்டமாகக் கிளம்பிக் கொட்டின. 98ஆவது படை அதில் கலைந்தே போனது. ஜெர்மானியர் தேனீயைப் பழக்கி வைத்திருந்தார்கள் என்று பிறகு லண்டன் பத்திரிகைகளில் கதை கட்டினார்கள். தோற்றவனுக்கு ஒரு காரணம் வேண்டும். 5ஆம் தேதி மிச்சப் பேரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு திரும்பினார்கள். நூற்றுக்கணக்கானோர் செத்தும் காயப்பட்டும் போனதோடு, இயந்திரத் துப்பாக்கிகளையும் இலட்சக்கணக்கான தோட்டாக்களையும் கரையிலேயே ஜெர்மானியருக்கு விட்டுவிட்டு வந்தார்கள்.

பழி யார் மேல் விழுந்தது? ஐட்கெனுக்குப் பதவி குறைந்தது, உண்மைதான். ஆனால் புத்தகங்களில் நிலைத்தது மதராஸ்காரனின் கோழைத்தனம். அந்தப் படையின் உளவு அதிகாரி மைனர்ட்ஷாகன் தன் நாட்குறிப்பில் இந்தியச் சிப்பாய்களைக் கேவலமாக எழுதி வைத்தார். பின்வந்தவர்கள் அதை அப்படியே எடுத்து எழுதினார்கள். அந்த ஆளின் நாட்குறிப்புகள் நிறையத் திருத்தி எழுதப்பட்டவை, பறவைகள் பற்றிய அவருடைய ஆராய்ச்சியிலேயே திருட்டு இருந்தது என்பதெல்லாம் அவர் செத்த பிறகுதான் வெளிவந்தது.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. வெள்ளைக்கார அதிகாரிகள் போட்ட சாதிப் பட்டியலில் ராஜபுத்திரர் முதல்தரப் போர்க்குடி. அவர்களும் முந்தின நாள் அதே புதரிலிருந்துதான் பின்வாங்கினார்கள். அவர்களுடைய இரத்தத்துக்கு என்ன ஆயிற்று?

தூக்கமில்லை, சோறில்லை, கையில் பழகாத துப்பாக்கி, பக்கத்தில் தெரியாத முகம், எதிரே கேட்டறியாத சத்தம். இந்த ஐந்தையும் சேர்த்துக் கொடுத்தால் நான் பயிற்சி கொடுத்த பையன்களில் எவனும் ஓடியிருப்பான். நானும் ஓடியிருப்பேன்.

வெலிங்டனில் கிரனேட் எறியும் நாளை புதிதாகச் சேர்ந்த எந்த ரங்ரூட்டும் மறக்க மாட்டான். அதுவரை மரக்கட்டைக் குண்டை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தவன் கையில் அன்றைக்கு நிஜக்குண்டு வந்துவிடும். மணல் மூட்டைச் சுவருக்குப் பின்னால் பையனும் உஸ்தாதும் மட்டும் நிற்பார்கள். பின்னைப் பிடுங்கியபின் பிடியை விட்டால் நான்கு நொடி. மலைக்குளிரிலும் பையனுக்கு வேர்க்கும். ஒருமுறை ராமநாதபுரம் பக்கத்துப் பையன் ஒருவன் பின்னைப் பிடுங்கிவிட்டு அப்படியே உறைந்துவிட்டான். குண்டை இறுக்கிப் பிடித்திருக்கிறான், கை மேலே போகவில்லை. கத்தினால் கை தளர்ந்து குண்டு காலடியில் விழும். நான் அவன் தோளோடு தோள் ஒட்டி நின்று, “தம்பி, நான் எங்கேயும் போகலை. நீ எறியற வரைக்கும் இங்கதான் நிக்கப்போறேன்” என்றேன். கொஞ்ச நேரம் இருவரும் அப்படியே நின்றோம். பிறகு எறிந்தான். குனிந்தோம். வெடித்தது. எழுந்தபோது அவன் சிரித்துக்கொண்டிருந்தான். அடுத்த குண்டு எப்போது உஸ்தாத் என்று கேட்டான்.

நாட்டுக்காக எறிகிறேன் என்று அவன் அந்த இடத்தில் நினைத்திருக்க மாட்டான். அவன் பட்டாளத்துக்கு வந்ததே அக்கா கல்யாணக் கடனுக்காக. எங்கள் வேலூர்ப் பக்கம் வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்தில் இருக்கிற ஊர்கள் உண்டு. அங்கேயும் கேட்டுப் பாருங்கள், சம்பளம், பென்ஷன், கேன்டீன் என்றுதான் தொடங்குவார்கள். நாடு என்பது பின்னால் வந்து சேரும், கசம் பரேட்டில் கொடியைத் தொட்டுச் சத்தியம் செய்யும்போது பாதி, ஊரில் சீருடையோடு பஸ்ஸிலிருந்து இறங்கும்போது மீதி. குண்டு விழும் நேரத்தில் நோக்கம் மிகச் சின்னதாகிவிடும். பக்கத்தில் இருக்கிறவன் முன்னால் கேவலப்படக் கூடாது, அவனை விட்டுவிட்டுப் போகக் கூடாது. அவ்வளவுதான். அதற்குப் பக்கத்தில் இருக்கிறவனைத் தெரிந்திருக்க வேண்டும்.

டாங்காவுக்குப் பிறகு மதராஸ் காலாட்படைக்குக் கெட்ட காலம். போர் முடிந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் பாளையங்கோட்டைப் படையோடு சேர்த்து நிரந்தரப் பட்டாலியன்களையெல்லாம் கலைத்துவிட்டார்கள். மிஞ்சியது பெங்களூரிலிருந்த மதராஸ் சாப்பர்கள். பட்டாளத்தில் அவர்களுக்குத் தம்பிகள் என்றே பெயர். பாலம் கட்டவும் கண்ணிவெடி எடுக்கவும் தம்பிகள் வேண்டியிருந்தார்கள், அதனால் அவர்களிடம் யாரும் இரத்தச் சோதனை பார்க்கவில்லை.

1944 பிப்ரவரி 24, இத்தாலியில் மிக்னானோ. சாப்பர் சுபேதார் சுப்பிரமணியன் தன் ஆட்களோடு கண்ணிவெடி தேடிக்கொண்டு போகிறார். ஒருவர் கால் வெடியில் பட்டுவிட்டது. அது இயங்கும் சத்தத்துக்கும் வெடிப்புக்கும் நடுவே சில நொடிகள் உண்டு என்பது அவர் தொழில் அறிவு. ஓடித் தப்ப அது போதும். அவர் வெடிமேல் குப்புற விழுந்தார். கூட இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர் அவர்தான். ராபர்ட்ஸின் கணக்குப்படி வீரம் செத்துப்போன மண்ணில் பிறந்தவர். அதே போரில் ஆள் பற்றாக்குறை வந்ததும் மதராஸ் ரெஜிமெண்டையும் மறுபடி எழுப்பினார்கள்.

ஓய்வு பெற்று வந்தபின் ஏரிக்கரையில் காலை ஐந்தரைக்குப் பட்டாளத் தேர்வுக்குத் தயாராகும் பையன்களை ஓடவிடுகிறேன். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிஷத்துக்குள் முடித்தால் தேர்வில் ஓட்டத்துக்கு முழு மார்க். 2022இல் வந்த அக்னிபாத் திட்டத்தில் இப்போது நான்கு வருஷ வேலைதான். நாலில் ஒருவனைத்தான் அதற்குமேல் வைத்துக்கொள்வார்கள். பயிற்சிக் காலமும் ஏறக்குறைய ஆறு மாதமாகச் சுருங்கிவிட்டது. ஓடவும் சுடவும் ஆறு மாதத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. பக்கத்துக் கட்டிலில் படுத்திருக்கிறவனின் குறட்டை, அவன் வீட்டுக் கடன், எந்த நேரத்தில் அவன் கை நடுங்கும் என்பதெல்லாம் தெரிய எத்தனை மாதம் ஆகும் என்று டெல்லியில் யாராவது கணக்குப் போட்டார்களா என்பதுதான் என் சந்தேகம். நான்கு வருஷத்தில் பிரியப்போகிற நால்வர், அந்த ஒரு இடத்துக்கு ஒருவரோடொருவர் போட்டி போடுகிற நால்வர், ஒரே பதுங்குகுழியில் எப்படி இருப்பார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர்களில் என் பையன்களும் இருக்கிறார்கள்.

“மாமா, சண்டைன்னா பயமா இருக்குமா?” என்று போன மாதம் ஒருத்தன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டான். இருக்கும்டா என்று சொல்லி, உட்காரவைத்து டாங்கா கதையைச் சொன்னேன். சுற்றிப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். கப்பல், வாந்தி, புதுத் துப்பாக்கி, புதர் எல்லாம் சொன்னேன். முடித்ததும் அவன் கேட்டது ஒரே கேள்வி: அவ்வளவு தேனீயிலும் ஓடாமல் நின்ற படை எது? கிரனேடியர்கள் ஏன் நின்றார்கள், காஷ்மீர்க்காரர்கள் ஏன் நின்றார்கள் என்று அன்றைக்கு ஓட்டம் நின்றுபோய் எட்டு மணி வரை வாக்குவாதம் நடந்தது. இன்னும் தீரவில்லை.